உதயாதித்தன் மீண்டும் உதிப்பானா?

புத்தளக் கரையோரத்துக்கு ஒரு சிறு பதிப்பகம் வேண்டும்

வீட்டுக்கு வாசற்படி எப்படியோ, தீவுக்குக் கரையோரமும் அப்படியே. வருவோர் முதலிற் கால்வைப்பதும், போவோர் இறுதியாகத் திரும்பிப் பார்ப்பதும் அங்கேதான். ஆதலால் உள்நாட்டு ஊர்கள் காணாத பல முகங்களையும், கேளாத பல மொழிகளையும் கரையோர ஊர்கள் கண்டும் கேட்டும் பழகியிருக்கின்றன. நமது நாட்டில் இவ்வுண்மைக்குச் சான்று தேடுவோர் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை ஒருமுறை தெற்கிலிருந்து வடக்காகச் சென்று பார்த்தாற் போதும்.

1344ஆம் ஆண்டில் அரபுப் பயணி இபுனு பதூதா வந்திறங்கியதாகத் தம் பயணக் குறிப்பிற் கூறும் ‘பத்தாலா’ என்னும் ஊர் புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. போர்த்துக்கேயர் கற்பிட்டியில் நிலைகொண்டனர்; பின்வந்த ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிலே அங்கு கட்டிய கோட்டை இன்றும் களப்பை நோக்கி நிற்கின்றது. தெற்கே சிலாபத்துக்கு அண்மையில் முன்னேசுவரம். அதற்கு வடக்கே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலுக்கும், திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்கும் பேர்போன உடப்பு. மேலும் வடக்கே கற்பிட்டித் தீபகற்பத்தில் எல்லாச் சமயத்தவரும் நேர்த்தி வைத்துச் செல்லும் தலவில அன்னம்மாள் ஆலயம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பழமை வாய்ந்த பள்ளிவாசல்கள். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியிலோ, ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த மக்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்த ‘மாஞ்ஞா’ப் பாடல்களை இன்றும் தாளங்கொட்டிப் பாடுகின்றனர்.

இத்தனை மக்களும் பேசுகின்றனர், பாடுகின்றனர், துயர் வந்தபோது புலம்புகின்றனர், மகிழ்ச்சி வந்தபோது கதை சொல்கின்றனர். அவற்றுள் எத்தனை நூலாகி நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன? இக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையாக நாம் கூற விழைவது ஒன்றுண்டு: இக்கரையோரத்தின் புதுக்குரல்களை, மொழியும் மதமும் பாராது, தேர்ந்து அச்சேற்றும் சிறு பதிப்பகம் ஒன்று இங்கே தோன்றல் வேண்டும். இது புதுமையான ஆசையன்று. ஏறத்தாழ 185 ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையிற் பிறந்த ஒருவர் இத்தகைய முயற்சியிற் கைவைத்தார்.

கற்பிட்டி தந்த பேரறிஞர்

அவர்தாம் சைமன் காசிச்செட்டி. 1807இற் கற்பிட்டியிற் பிறந்தவர். இளவயதிலேயே அரசாங்கச் சேவையிற் புகுந்து, புத்தளத்து மணியகாரராக உயர்ந்தார். தமது 27ஆம் வயதில், அதாவது 1834ஆம் ஆண்டில், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள், மக்களின் வழக்கங்கள் ஆகியவற்றை அகரவரிசையில் அடக்கிய ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். கோட்டையிலிருந்த சேர்ச் மிசன் அச்சுக்கூடத்தில் அது அச்சாயிற்று. தம் நாட்டைத் தாமே அளந்து எழுதிய முதற் சுதேசிகளுள் அவரும் ஒருவர் என்று துணிந்து கூறலாம்.

1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக விளங்கினார். பின்னர் சிலாபத்திலே நீதிபதியாகக் கடமையாற்றினார். பதவிகள் பல வகித்த போதிலும் அவருடைய உள்ளம் ஏட்டிலும் எழுத்திலுமே இருந்தது. தம்மைச் சூழ வாழ்ந்த முக்குவரைப் பற்றியும் முஸ்லிம்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். 1859இல் ஏறக்குறைய இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலாக யாழ்ப்பாணத்தில் அச்சிடுவித்தார். அடுத்த ஆண்டில், 1860இல், காலமானார்.

இவருடைய பணிகளுள் நாம் ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புவது இவற்றுள் எதுவுமன்று. 1841ஆம் ஆண்டில் அவர் ‘உதயாதித்தன்’ என்னும் பெயரில் ஒரு தமிழ் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு சனவரி 7ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனரிமாரின் ‘உதயதாரகை’ தோன்றிற்று. ஒரே ஆண்டில் ஒரு தாரகையும் ஓர் ஆதித்தனும் நமது நாட்டுத் தமிழ் வானில் உதித்தமை வியப்பன்றோ! ஆயினும் பெயரளவில் ஆதித்தன் பெரிதாயினும், ஆயுளளவில் தாரகையே வென்றது. உதயதாரகை நீண்ட காலம் நிலைத்தது. உதயாதித்தனோ அதிக காலம் நடவாது மறைந்தது.

தாரகை நின்றதேன், ஆதித்தன் மறைந்ததேன்?

காரணத்தைத் தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. உதயதாரகைக்குப் பின்னால் ஒரு மிசன் இருந்தது. மானிப்பாயில் மிசனுக்குச் சொந்தமான அச்சுக்கூடம் இருந்தது. பாடசாலைகளும் அவற்றிற் படித்து வெளிவந்த வாசகர்களும் இருந்தனர். அந்த அச்சுக்கூடமும் எளிதில் வந்ததன்று. 1820இல் அமெரிக்க மிசன் அனுப்பிய ஜேம்ஸ் கரற் என்னும் அச்சுத் தொழிலாளரை அன்றைய ஆங்கில ஆட்சி நாட்டில் தங்கவிடாது திருப்பியனுப்பிவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கடந்து, 1834 அளவிலேதான் மைனர் என்பவர் வந்து அவ்வேலையைப் பொறுப்பேற்றார். அமைப்பொன்று பின்னால் நின்றமையாலேதான் அத்தனை காலம் காத்திருக்க முடிந்தது.

காசிச்செட்டியாருக்கோ அத்தகைய பின்பலம் எதுவுமில்லை. தனிமனிதரின் அறிவும் ஆர்வமும் ஒரு பத்திரிகையைப் பிறப்பிக்கப் போதும், வளர்ப்பதற்குப் போதா. வளர்ப்பதற்கு வேண்டியவர் சந்தாதாரர், விற்றுப் பணஞ்சேர்ப்போர், ஆசிரியர் நோயுற்றாலும் மாற்றலாகிச் சென்றாலும் வேலையைத் தொடரக்கூடிய இரண்டாவது கை.

இதனால் விளைந்த நட்டம் பத்திரிகையோடு நின்றுவிடவில்லை. தமிழரின் சாதி, வழக்கம், ஒழுக்கம், இலக்கியம் என்பன பற்றி அவர் எழுதிவைத்தவை 1934ஆம் ஆண்டிலேதான் நூலுருப் பெற்றன. ஆசிரியர் மறைந்து 74 ஆண்டுகள்! சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர், நீதிபதியாக வீற்றிருந்தவர், ஆங்கிலம் வல்லவர். அவருடைய எழுத்துக்கே இந்நிலை என்றால், உப்பளத்தில் கூலிவேலை செய்யும் பெண்ணொருத்தி மகளின் பழைய கொப்பியில் எழுதிவைத்திருக்கும் கதையின் நிலை யாதாகும்? அதற்கு 74 ஆண்டுகள் காத்திருக்க இயலுமா? கறையான் விடுமா?

எழுதப்படாதிருப்பவை

இக்கரையில் எழுதப்படாதிருப்பவற்றை எண்ணிப் பார்ப்போம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது புத்தளம் மாவட்டத்திலே. அன்று கைக்குழந்தையாக வந்தவர் இன்று பிள்ளைகளைப் பெற்ற தாய். அவருடைய பிள்ளைகளுக்கோ மன்னாரும் முசலியும் யாழ்ப்பாணமும் பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர்கள். வந்தவருக்கு இடமளித்த ஊரவர்க்கும் ஒரு கதை உண்டு. கிணற்று நீரும் பாடசாலை வாங்கும் வேலைவாய்ப்பும் திடீரெனப் பங்கிடப்பட்டபோது எழுந்த உரசலும், அதனையும் மீறி நிகழ்ந்த திருமணங்களும் அக்கதையிலுண்டு. இரு கதைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்தாலன்றி உண்மை முழுமையாகாது.

சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பங்களை நோக்குங்கள். பாட்டி தமிழிற் செபிப்பாள். மகன் கடலிலே இருமொழியும் கலந்து பேசுவான். பேரன் சிங்கள மொழிமூலம் படித்து, பாட்டியின் செபத்துக்குப் பொருள் கேட்பான். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை; ஒரு மொழி மெல்ல விடைபெற்று மற்றொன்று மெல்லக் குடிபுகுகின்றது. இதனைத் தமிழில் மட்டும் எழுதினாலும் குறை. சிங்களத்தில் மட்டும் எழுதினாலும் குறை.

உடப்பின் அம்பாப் பாடல்களோ கையும் கயிறும் சேரப் பிறந்தவை. கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுக்க மற்றோர் ஏற்றுப் பாட, இழுவையின் தாளமே பாட்டின் தாளமாகின்றது. இயந்திரத்தால் வலையிழுக்கும் வழக்கம் பரவப் பரவ அத்தாளத்துக்குத் தேவை குறைகின்றது. தேவை குறைந்த பாட்டு நினைவிலிருந்தும் நழுவுகின்றது. பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு சுவடி எரிந்ததாகவே கொள்ளல் வேண்டும்.

மேசைமேல் வைத்த அச்சியந்திரம்

“இவற்றையெல்லாம் செய்யப் பெரும் மூலதனம் வேண்டுமே” என்று வாசகர் கூறலாம். வேண்டியது மூலதனத்தைக் காட்டிலும் முறையான பிடிவாதமே என்பதற்கு உலகில் உதாரணங்கள் பலவுள.

லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேயரை நம் நாட்டார் மறந்திரார். 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையிலிருந்தவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றினார். புத்தளம் மாவட்டத்தின் வடவெல்லைக்கு அப்பாலுள்ள மரிச்சுக்கட்டியில் 1906இல் நடைபெற்ற முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ததும் இவரே. ஊர் திரும்பியபின், 1917இல், அவரும் அவருடைய மனைவியாரான நாவலாசிரியை வேர்ஜினியா வுல்ஃபும் சிறிய கையச்சியந்திரம் ஒன்றை இருபது பவுணுக்குட்பட்ட விலையில் வாங்கித் தம் வீட்டுச் சாப்பாட்டறை மேசையில் வைத்தனர். அச்சுத்தொழிற் பாடசாலை அவர்களைச் சேர்க்க மறுத்தமையால், இயந்திரத்தோடு வந்த சிறு கைநூலைப் படித்தே தொழில் கற்றனர். முதல் வெளியீட்டில் அச்சிட்ட பிரதிகள் 150. வேர்ஜினியா அம்மையார் தம் கையாலேயே எழுத்துக் கோத்தார்.

அந்த ‘ஹோகாத் பிரஸ்’ பின்னர் செய்த வேலையே நமக்கு முக்கியம். உருசிய எழுத்தாளரை மொழிபெயர்த்து வெளியிட்டது. 1924 முதல் சிக்மன் பிராய்டின் நூல்களை ஆங்கிலத்தில் தந்தது. 1933இல் மேற்கிந்தியத் தீவுகளின் தன்னாட்சிக்காக வாதாடிய சீ. எல். ஆர். ஜேம்ஸின் சிறுநூலையும் வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் தயங்கிய குரல்களுக்குச் சாப்பாட்டு மேசையிற் பிறந்த பதிப்பகம் இடங்கொடுத்தது.

அயல்நாட்டில் இன்னுமோர் உதாரணம்: கல்கத்தாவில் 1958இல் பேராசிரியர் பி. லால் தொடங்கிய ‘றைற்றேர்ஸ் வேர்க்ஷொப்’. வீட்டிலிருந்தே நடத்தப்பட்ட அப்பதிப்பகத்தின் நூல்களுக்குக் கைத்தறிச் சேலைத் துணியால் அட்டை கட்டுவது வழக்கமாயிற்று. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விக்ரம் சேத்தின் முதற் கவிதைத் தொகுதி அங்கேதான் வெளிவந்தது.

நம் நாட்டிலோ டொமினிக் ஜீவா இருந்தார். பெரும் படிப்பில்லாத, முடிதிருத்தும் தொழிலாளி. 1960இல் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்திலே ‘மல்லிகை’ மாத சஞ்சிகையைத் தொடங்கி, சந்தாவைத் தாமே தெருத்தெருவாகச் சேர்த்து, பிரதிகளைத் தாமே சுமந்து விற்று, போர்க்காலத்திற் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும் விடாது, நாற்பதாண்டுகளுக்கு மேல் அதனை நடத்தினார். முஸ்லிம் எழுத்தாளருக்கும் மலையக எழுத்தாளருக்கும் அதில் இடமிருந்தது; சிங்களப் படைப்புக்கள் மொழிபெயர்ப்பாக வந்தன. ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பெயரில் நூல்களும் வெளியிட்டார். 2021இல் அவர் மறைந்தபோது, தமிழிலக்கிய உலகம் ஒரு தனிமனித நிறுவனத்தையே இழந்தது. காசிச்செட்டியாருக்குக் கிடையாத வாசகர் கூட்டத்தை இம்மனிதர் நடந்து நடந்தே உண்டாக்கினார் என்பதை நாம் கருதல் வேண்டும்.

அச்சகம் வேறு, பதிப்பகம் வேறு

அச்சகங்கள் இன்று எவ்வூரிலும் உள. புத்தளத்து எழுத்தாளர் தம் செலவிலே நூல் வெளியிட்டும் வருகின்றனர். எனினும் அச்சகம் வேறு, பதிப்பகம் வேறு. கொண்டுவருவதை அச்சடித்துக் கூலி பெறுவது அச்சகம். எதை வெளியிடுவது என்று தேர்ந்து, திருத்தி, செம்மை செய்து, செலவைத் தானேற்று, விற்கும் பொறுப்பையும் ஏற்பது பதிப்பகம்.

பதிப்பகம் இல்லாத இடத்தில் நடப்பதை நாம் அனைவரும் அறிவோம். எழுத்தாளர் தம் சேமிப்பைச் செலவிடுவார். சில வேளைகளில் மனைவியின் காப்பு அடைவுக்குப் போகும். வெளியீட்டு விழா நடைபெறும். பிரமுகர் ஒருவர் முதற் பிரதியை வாங்குவார்; பொன்னாடைகள் போர்த்தப்படும்; பலர் வாழ்த்துரைப்பர். மறுநாட் காலையில் மீதிப் பிரதிகள் கட்டிலின் கீழே போய்ச் சேரும். பின் அவ்வெழுத்தாளர் இரண்டாம் நூல் எழுதத் துணியார். ஆண்களுக்கே இக்கதியெனில், கையிற் பணமற்ற பெண்கள் முதலாம் நூலுக்கே வழியின்றி நிற்கின்றனர். தேர்வு பணத்தால் நடைபெறுகின்றதேயன்றித் தரத்தால் நடைபெறவில்லை. இந்நிலையை மாற்றுவதே சிறு பதிப்பகத்தின் முதற் கடமை.

நடைமுறைக் கணக்கு

ஆர்வமுடையோர் நால்வர் ஐவர் கூடினாற் போதும். அவருள் ஒருவராவது சிங்களம் நன்கறிந்தவராகவும், ஒருவராவது கணக்கெழுதத் தெரிந்தவராகவும், இருவராவது பெண்களாகவும் இருத்தல் நன்று. எழுத்தாளர் மட்டுமே கூடினால் விற்பனை மறக்கப்படும். வியாபாரிகள் மட்டுமே கூடினால் எழுத்து மறக்கப்படும்.

முதலாவது, தொகை. 300 பிரதிகள் அச்சிடுவதாகக் கொள்வோம். ஆசிரியருக்கும் மதிப்புரைக்கும் சட்டப்படி ஒப்படைப்பதற்குமாக 40 போனால் எஞ்சுவன 260. புத்தகக் கடைக்காரர் விலையில் மூன்றிலொரு பங்குவரை கழிவு கேட்பார். ஆகவே பாதி, அதாவது 130 பிரதிகள், கடைக்காரரின் கழிவும் போக விற்றாலே முழுச் செலவும் திரும்பும்படி விலை வைக்கவேண்டும். விலை அதிகமெனத் தோன்றினால் பக்கங்களைக் குறைக்கவேண்டுமே தவிர, நட்டத்துக்கு விற்கலாகாது. 96 பக்கமுள்ள நல்ல நூல் 300 பக்கமுள்ள சோர்ந்த நூலைவிட மேலானது. தாள் மடிப்பின் கணக்குப்படி பக்கங்கள் 8இன் அல்லது 16இன் மடங்காக அமைந்தால் காகிதம் வீணாகாது.

இரண்டாவது, எழுத்துரு. பலர் இன்னும் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்கின்றனர். யூனிகோட்டுக்கு மாற்றும்போது எழுத்துக்கள் இடம்மாறுவதுண்டு; சிங்களத்திலும் இதே சிக்கல் உண்டு. தமிழும் சிங்களமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் நூலில் இவ்விரண்டு தொல்லையும் ஒருங்கே வந்து வாட்டும். முதல் நாளிலேயே யாவரும் யூனிகோட்டில் எழுதுவதென உறுதிசெய்தல் நன்று.

மூன்றாவது, திருத்தம். இதிலே இரு தவறுகள் நேர்வதுண்டு. ரகர றகரமும், லகர ளகர ழகரமும் தடுமாறியபடியே அச்சேற விடுவது ஒன்று. ‘சம்மாட்டி’ என்றும் ‘வாடி’ என்றும் கரையோர மக்கள் சொல்வதை, படித்தவர் நடைக்கு மாற்றி உயிரை வாங்கிவிடுவது மற்றொன்று. பிழையைத் திருத்தவேண்டும், பேச்சைத் திருத்தலாகாது.

நான்காவது, உரிமை. ஆசிரியருடன் எழுத்திலே உடன்படிக்கை செய்துகொள்ளல் வேண்டும். விற்ற பிரதிகளுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ஆசிரியருக்கு அளிப்பது பரவலான வழக்கம். பாடற் தொகுதியாயின் பாடியவர் பெயரும் பங்கும் மறக்கப்படலாகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் வரை நிலைக்கும். எனவே காசிச்செட்டியாரின் நூல்களை எவரும் மறுபதிப்புச் செய்யலாம்.

ஐந்தாவது, பதிவு. நூலுக்குரிய சர்வதேச நியம எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடமிருந்து பெறலாம். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குரிய பிரதிகளை ஒப்படைக்கவேண்டும். அன்றியும், 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்துக்களை எண்ணிமத்திற் சேமித்துவரும் ‘நூலகம்’ நிறுவனத்துக்கும் ஒரு பிரதி சேர்ந்தால், உலகின் எம்மூலையிலிருந்தும் அதனைப் படிக்க வழியுண்டாகும். கட்டிலின் கீழுள்ள பிரதிகளைக் கறையான் அரித்தாலும் நூல் அழியாது.

எதை முதலில் வெளியிடுவது?

எமது அபிப்பிராயத்தில், முதல் இரண்டாண்டுகளில் ஐந்து நூல்கள் போதும். உடப்பின் அம்பாப் பாடல்கள் ஒன்று. இடம்பெயர்ந்தோர் குடும்பங்களிலும் இடங்கொடுத்தோர் குடும்பங்களிலும் பிறந்த இளையோரின் சிறுகதைகள் ஒரே அட்டைக்குள் ஒன்று. சிலாபக் கரையின் வாழ்வைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும் இருமொழி நூல் ஒன்று. களப்பின் கண்டல் மரங்களையும், கற்பிட்டிக் கடலின் ஓங்கில்களையும், அருகிவரும் கடற்பசுவையும் பற்றிச் சிறுவர்க்குப் படங்களோடு கூறும் நூல் ஒன்று. காசிச்செட்டியாரின் ‘கசற்றியர்’ நூலிலிருந்து புத்தளம், சிலாபம், கற்பிட்டி பற்றிய பகுதிகளின் தமிழாக்கம் ஒன்று.

மொழிபெயர்ப்பென்றதும் மலைக்கவேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் வாக்கிய அமைப்பிலே நெருங்கியவை. வினைச்சொல்லை இறுதியில் வைப்பது இரண்டுக்கும் பொது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலைக் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கியவர் பேராசிரியர் ம. மு. உவைஸ். முஸ்லிம் அறிஞர் ஒருவர் சிங்கள நாவலைத் தமிழருக்கு வழங்கினார் என்பதில் நம் நாட்டின் பண்பாட்டுக் கலப்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது. 1882இல் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை வெளியிட்ட சித்திலெப்பை மரைக்காரும் இவ்வழிக்கு முன்னோடியே.

ஓர் எச்சரிக்கை. பல பண்பாடுகளின் குரல் என்றதும் எல்லோரும் எல்லோரையும் புகழும் நூல்களாகவே வெளியிடும் ஆசை எழும். அத்தகைய நூல்கள் மேடைக்கு அழகு, வாசகருக்கு அலுப்பு. அயலவர் மனம் கோணக்கூடிய உண்மையையும் நாகரிகமாகக் கூற இடமளிக்கும் பதிப்பகமே மதிப்புப் பெறும். அதனாலேதான் அது எக்கட்சியின் பணத்திலும், எத்தனவந்தரின் தனிப்பட்ட தயவிலும் நடத்தப்படலாகாது என்கிறோம். சிறு தொகையாகப் பலர் தருவதே சுதந்திரத்துக்குக் காவல்.

குடும்பங்கள் செய்யக்கூடியது

இப்பகுதியைப் படிக்கும் குடும்பத்தினருக்கும் இதிற் பங்குண்டு. வீட்டிலுள்ள முதியோர் சொல்லும் கதையையும், தாலாட்டையும், ஒப்பாரியையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். கைத்தொலைபேசியிற் பதிவுசெய்வதும் எளிது. ஆனால் சொன்னவர் யார், எவ்வூர், எந்நாள் என்பதைக் கூடவே குறித்துவைக்க மறவாதீர். பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் பரிசளிக்கையில், ஒரு தடவையாவது கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பதிலாக உள்ளூர் எழுத்தாளரின் நூலை அளியுங்கள். முக்கியமாக, நண்பர் நூல் வெளியிட்டால் “எனக்கொரு பிரதி தாருங்கள்” என்று கேளாது, விலைகொடுத்து வாங்குங்கள். உதயாதித்தனுக்கு வேண்டியிருந்ததும் இவ்வாறு விலைகொடுத்து வாங்கும் கைகளே.

பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் ஆலயங்களும் ஆளுக்குப் பத்துப் பிரதிகளை முன்கூட்டியே பதிவுசெய்தால், 130 என்ற அந்த எண்ணிக்கையைத் தொடுவது கடினமன்று. பதின்மூன்று நிறுவனங்கள் போதும். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் அத்தகைய நிறுவனங்கள் அதனிலும் பன்மடங்கு உள்ளன என்பதை இவ்வழியாற் சென்ற எவரும் அறிவர்.

1841இல் கற்பிட்டி மைந்தருக்கு இல்லாதவை பல. அன்று எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர், இன்று பெரும்பாலோர். அன்று ஓரிரு அச்சுக்கூடங்களே. இன்று நூறு பிரதிகளையும் தனியே அச்சிட்டுத் தரும் இயந்திரங்கள் நகரந்தோறும். அன்று நூலொன்று கற்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லத் தோணிக்குக் காற்று வேண்டும். இன்று தபால் போதும். அன்று போல இன்றும் தேவைப்படுவது ஒன்றே: இவ்வேலை நமது வேலை என்று எண்ணும் சிலர். அச்சிலர் கூடும் நாளில் ஆதித்தன் இரண்டாம் முறை உதிப்பான். அம்முறை அவனை அஸ்தமிக்க விடாது காப்பது வாசகராகிய நமது பொறுப்பாகும்.